ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 மார்ச் 8ஆம் திகதி இந்த அல்பம் வெளிவந்தது. அன்றிலிருந்து, ஜூடாஸ் பிரீஸ்ட் திரும்பி வந்துவிட்டார்கள் என்று இதைப் பற்றி நான் கதைக்காத இடம் இல்லை. கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் கதைத்திருக்கிறேன், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தித் தேத்தண்ணிக் கடையிலும் கதைத்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு மெற்றல் என்றாலே ஒத்து வராது, மற்றவர்கள் ஒரு காலத்தில் கேட்டுவிட்டுப் பிறகு கைவிட்டவர்கள். இரண்டு பகுதியாரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், இனிக் கேட்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

யார் இந்த ஜூடாஸ் பிரீஸ்ட்? நாங்கள் பெயரே கேள்விப்பட்டதில்லையே?

இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் பக்கத்தில் 1969இல் தொடங்கிய இசைக்குழு. முதல் அல்பம் 1974இல் வந்தது, ஆக நாம் இப்போது கதைக்கும் அல்பம் அதற்கு ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து வந்திருக்கிறது. ஹெவி மெற்றல் என்று இன்று உலகம் முழுக்கச் சொல்லும் இசைக்கு உருவம் கொடுத்தவர்களில் இவர்கள் முன்வரிசை. அதே ஊரில் இருந்துதான் ப்ளாக் சபத்தும் வந்தது. சபத்தின் இசையில் பாரமும் இருட்டும் இருந்தன. பிரீஸ்ட் அந்தப் பாரத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த ப்ளூஸ் சாயலைக் கழற்றிவிட்டு, வேகத்தையும் இரட்டைக் கிற்றாரையும் உச்சத்தில் போய் நிற்கும் குரலையும் சேர்த்தது. மெற்றல்காரர் என்றதும் நினைவுக்கு வருகிற கறுப்புத் தோல் உடுப்பும் ஆணி பதித்த பட்டியும்கூட இவர்கள் மேடையில் போட்டுப் பரப்பியவைதான்.

பாடகர் ரொப் ஹல்ஃபோர்ட் 1973இல் வந்து சேர்ந்தார். பேஸ் கிற்றார் வாசிக்கும் இயன் ஹில் அப்போது ஹல்ஃபோர்டின் சகோதரியோடு பழகிக்கொண்டிருந்தார், அந்த வழியாகத்தான் அறிமுகம். அன்றைக்கு இருந்தவர்களில் ஹில் இன்றைக்கும் அதே இடத்தில் நின்று வாசிக்கிறார்.

அந்த ஊரையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இசையின் சத்தம் அங்கேயிருந்துதான் வருகிறது. பேர்மிங்ஹாம் சுற்றுவட்டாரம் அந்தக் காலத்தில் இரும்பு உருக்கும் இடம். ஹல்ஃபோர்ட் சிறுவயதில் உருக்காலையைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போனவர். கிற்றார் கலைஞர் கிளென் டிப்டன் இசைக்கு வருமுன் பிரிட்டிஷ் ஸ்டீல் நிறுவனத்தில் வேலை செய்தவர், 1980இல் வந்த இவர்களின் புகழ்பெற்ற அல்பத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். அந்த அல்பத்தில் ஒரு பாட்டுக்கு இரும்பு மோதும் சத்தம் தேவைப்பட்டது. கணினியில் சத்தம் எடுத்துப் போடும் காலம் இல்லை அது, கரண்டிகளும் முள்ளுக்கரண்டிகளும் கிடக்கும் தட்டை ஒலிவாங்கிக்கு முன்னால் குலுக்கிப் பதிவு செய்தார்கள். இன்னொரு பாட்டுக்குப் பால் போத்தல் உடைத்தார்கள். ஒரு தடவை இயர்போன் போட்டுக் கேட்டால் இரண்டையும் பிடித்துவிடலாம்.

‘திரும்பி வந்துவிட்டார்கள்’ என்கிறீர்கள். எங்கே போயிருந்தார்கள்?

எங்கேயும் போகவில்லை, ஆனால் தங்களுடைய வழியை விட்டு விலகியிருந்தார்கள். 1990இல் ‘பெயின்கில்லர்’ வந்தது. குழு தொடங்கி இருபது வருடம் கழிந்த பிறகு அப்படியொரு வேகமான, வெறி பிடித்த அல்பத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. அது வந்து இரண்டு வருடத்துக்குள் ஹல்ஃபோர்ட் விலகினார். ரிம் ‘ரிப்பர்’ ஓவன்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரை வைத்து 1997இலும் 2001இலும் இரண்டு அல்பம் செய்தார்கள். ஓவன்ஸில் பிழை சொல்ல எனக்கு மனம் வராது, அவருடைய தொண்டை அபாரமானது. பிழை பாட்டுகளில். தங்களைப் பார்த்து வளர்ந்த இளைய குழுக்களின் பாணியை இவர்களே துரத்திக்கொண்டு போனார்கள், அது ஒட்டவில்லை.

2003இல் ஹல்ஃபோர்ட் திரும்பினார். 2005 அல்பத்தை எல்லோரும் சந்தோஷமாக வரவேற்றோம், நல்ல அல்பம்தான், ஆனால் பழைய பாட்டுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தது. 2008இல் நொஸ்ட்ரடாமஸின் கதையை வைத்து இரட்டை அல்பம், நூறு நிமிடத்துக்கு மேல். அந்தத் துணிவை மதிக்கிறேன், ஆனால் ஒரே இருப்பில் கேட்க ஏலாது. 2010 டிசம்பரில் பிரியாவிடைச் சுற்றுப்பயணம் என்று அறிவித்தார்கள், 2011இல் கே.கே. டவுனிங் விலகினார். டவுனிங்கும் டிப்டனும் சேர்ந்ததுதான் பிரீஸ்ட்டின் கிற்றார் சத்தம், அதில் ஒரு பாதி போய்விட்டது. 2014இல் ‘ரிடீமர் ஒஃப் சோல்ஸ்’ வந்தபோது பாட்டுகள் பரவாயில்லாமல் இருந்தன, ஒலிப்பதிவு கைகொடுக்கவில்லை. கிற்றார் மெலிந்து மங்கலாகக் கேட்டது, ட்ரம்ஸில் அடி இல்லை. இவ்வளவோடு சரி என்று நினைத்தவர்கள் ஏராளம்.

பிறகு எப்படி மாறியது?

2018 மார்ச்சில் ‘ஃபயர்பவர்’ வந்தபோது. திருப்பம் உண்மையில் அந்த அல்பம்தான், 2024 அல்பம் அது தற்செயல் இல்லை என்பதைக் காட்டியது. நான் சொல்ல வருகிற முக்கியமான விடயம் இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெரிய குழுக்கள் வயது போனதும் செய்கிற வேலை, எல்லாவற்றையும் தாங்களே கையில் வைத்துக்கொள்வது. பாட்டு நாங்கள், பதிவு நாங்கள், முடிவு நாங்கள். 2014 அல்பத்தின் தயாரிப்பில் டிப்டனும் இருந்தார். ‘ஃபயர்பவர்’ அல்பத்துக்கு அந்தப் பிடியைத் தளர்த்தினார்கள். 1979 தொடக்கம் 1988 வரை தங்களுடைய அல்பங்களைத் தயாரித்த ரொம் அலொமை மறுபடி கூப்பிட்டார்கள், அவருக்குப் பக்கத்தில் அன்டி ஸ்னீப்பை இருத்தினார்கள். ஸ்னீப் ப்ளாக் சபத்தில் இல்லை, பெயர் கிட்டத்தட்ட ஒன்றான ‘சாபட்’ என்ற பிரித்தானிய த்ராஷ் மெற்றல் குழுவில் கிற்றார் வாசித்தவர், பிறகு மெகாடெத், எக்ஸோடஸ், எக்செப்ட் போன்ற குழுக்களின் அல்பங்களைத் தயாரித்துப் பெயர் எடுத்தவர். அவர் பிறந்தது 1969இல், குழு தொடங்கிய அதே வருடம். டவுனிங்கின் இடத்துக்கு 2011இல் வந்த ரிச்சி ஃபோக்னர் பிறந்தது 1980இல், ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ வந்த வருடம். இரண்டு பேரும் பிரீஸ்ட் பாட்டில் வளர்ந்த ஆட்கள்.

அப்படி வளர்ந்த ஒருவருக்கு, அந்தக் குழு எந்த இடத்தில் சரியாக இருக்கிறது, எந்த இடத்தில் வழுக்குகிறது என்று உள்ளே இருப்பவர்களைவிட வடிவாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அது தங்கள் வேலை, களைத்துப் போயிருப்பார்கள். வெளியே நின்று பதினைந்து வயதில் கேட்டவனுக்கு அது உயிர். ஐம்பது வருட அனுபவம் உள்ளவர்கள் இந்தப் பெடியன்கள் சொல்வதைக் கேட்டு நடந்ததுதான் இந்த மறுவருகைக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வயதை வென்றுவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்த இடத்தில் உதவி வேண்டும் என்று பார்த்து, வெட்கப்படாமல் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சரி, ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ அல்பத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பதினொரு பாட்டு, ஐம்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. இந்த முறை தயாரிப்பு ஸ்னீப்.

முதல் பாட்டு ‘பனிக் அற்றாக்’. தொடக்கத்தில் கிற்றார் சிந்தசைசர் (கிற்றாரில் மின்னணு ஒலி எழுப்பும் கருவி) சாயலில் ஒரு ஒலி மெல்ல ஏறி வருகிறது. 1986இல் ‘டேர்போ’ அல்பத்தில் இவர்கள் கிற்றார் சிந்தசைசர் பாவித்தபோது ரசிகர்களில் ஒரு பகுதி கோபித்துக்கொண்டது, அந்தச் சத்தத்தையே கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் இழுத்துப் பிடித்துவிட்டு ட்ரம்ஸ் விழுகிறது பாருங்கோ, அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் மயிர்க் கூச்செறியும். பாட்டின் விடயம் இணையத்தில் பரவும் ஆத்திரமும் பீதியும். பழைய சத்தம், இன்றைய கதை.

அடுத்த இரண்டு பாட்டிலும் மூச்சு விட நேரம் இல்லை. மூன்றாவது பாட்டு அல்பத்தின் பெயரையே கொண்டது, ஆறு நிமிடத்துக்கு மேல், கிற்றார் கேட்க வந்தவர்களுக்கு அதுதான் விருந்து. ‘க்ரௌன் ஒஃப் ஹோர்ன்ஸ்’ வேகம் குறைந்த பாட்டு, மெட்டு நெஞ்சில் நிற்கும், மெற்றல் பிடிக்காத என் அக்காகூட அதை முழுதாக இருந்து கேட்டா. ‘எஸ்கேப் ஃப்ரொம் ரியாலிட்டி’ ஊர்ந்து போகிற பாரமான பாட்டு, சபத்தின் ஊர்க்காரர் என்பதை நினைவூட்டும். கடைசிப் பாட்டு ‘ஜயன்ற்ஸ் இன் த ஸ்கை’, மறைந்துபோன இசைக்கலைஞர்களுக்காக. ரொனி ஜேம்ஸ் டியோ, லெமி போன்றவர்களை மனதில் வைத்து எழுதியது என்று ஹல்ஃபோர்ட் சொல்லியிருக்கிறார். நடுவில் எல்லாம் அடங்கி அக்குஸ்டிக் கிற்றார் மட்டும் கேட்கும். 2025 ஜூலையில் ப்ளாக் சபத் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் காலமான செய்தி வந்த இரவு நான் போட்டது அந்தப் பாட்டைத்தான்.

எழுபத்திரண்டு வயதில் உண்மையாகவே அவர்தான் பாடுகிறாரா? கணினி வேலை இல்லையா?

ஹல்ஃபோர்ட் 1951 ஓகஸ்ட்டில் பிறந்தவர், அல்பம் வரும்போது வயது எழுபத்திரண்டு. அதற்கு முன்பே புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்து, 2020இல் சத்திரசிகிச்சை செய்து, பிறகு கதிர்ச் சிகிச்சையும் எடுத்து மீண்டவர். ஸ்ரூடியோவில் திருத்தம் செய்யாத பாடகர் இன்று உலகத்தில் குறைவு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கவனித்துக் கேட்டால் ஒன்று விளங்கும். 1990 மாதிரி பாட்டு முழுவதும் உச்சத்தில் நிற்க அவர் முயலவில்லை. கதையை நடுக்குரலில் சொல்கிறார், அந்தக் கீழ்க்குரலில் வயது ஏற ஏற ஒரு கரகரப்பும் கனமும் சேர்ந்திருக்கிறது, இளவயதில் அது அவரிடம் இல்லை. உச்சக் குரலைத் தேவையான இடத்துக்கு மட்டும் வைத்திருக்கிறார். ‘த சேர்பன்ற் அன்ட் த கிங்’ பாட்டில் அது வரும்போது சுரீரென்று வரும், வந்துவிட்டுப் போய்விடும். எனக்கு இந்த ஹல்ஃபோர்ட்டின் பாட்டு 1980களின் ஹல்ஃபோர்ட்டைவிட உருக்கமாகக் கேட்கிறது.

டிப்டன் மேடையில் இல்லை, டவுனிங் இல்லை. இது இன்னும் அதே குழுவா?

இது நியாயமான கேள்வி, இதைக் கேட்கிறவர்களோடு நான் சண்டை பிடிப்பதில்லை. டிப்டனுக்குப் பார்க்கின்சன் நோய் என்று 2018 பெப்ரவரியில், ‘ஃபயர்பவர்’ வெளிவருவதற்குச் சில கிழமைகளுக்கு முன்னர், அறிவித்தார்கள். விரல் நடுங்கும் நோய் ஒரு கிற்றார் கலைஞருக்கு வருவது எவ்வளவு பெரிய கொடுமை. சுற்றுப்பயணத்தில் அவருடைய இடத்தில் நின்று வாசிக்க வந்தவர் அதே அன்டி ஸ்னீப். ஆனால் டிப்டன் குழுவை விட்டுப் போகவில்லை. முடிகிற நாட்களில் கடைசி இரண்டு மூன்று பாட்டுக்கு மேடைக்கு வருவார், கூட்டம் எழும்பி நிற்கும். பாட்டு எழுதுவதில் இன்றும் அவர் பங்கு இருக்கிறது, ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ பாட்டுகளும் ஹல்ஃபோர்ட், டிப்டன், ஃபோக்னர் மூன்று பேரும் சேர்ந்து எழுதியவை.

இன்னொரு சம்பவமும் இதில் சேரும். 2022 ஜனவரியில், இனி ஒரே கிற்றாரோடு நான்கு பேராகத்தான் சுற்றுப்பயணம் போவோம், ஸ்னீப் வரமாட்டார் என்று அறிவித்தார்கள். ரசிகர்கள் விடவில்லை. இரட்டைக் கிற்றார் இல்லாமல் பிரீஸ்ட் இல்லை என்று எல்லாப் பக்கத்தாலும் சொன்னார்கள், சில நாட்களிலேயே முடிவை மாற்றி ஸ்னீப்பைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவ்வளவு வயதும் பெயரும் உள்ளவர்கள் கெதியாகச் சொல்லைத் திருப்பி எடுத்ததை நான் பெரிய குணமாகப் பார்க்கிறேன்.

ஃபோக்னர் மேடையில் சாகப் பார்த்தார் என்பது உண்மையா?

உண்மை. 2021 செப்டெம்பர் 26, அமெரிக்காவில் கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ஒரு பெரிய விழா மேடை. கடைசிப் பகுதியில் ‘பெயின்கில்லர்’ வாசித்துக்கொண்டிருக்கும்போது இதயத்தில் இருந்து புறப்படும் பெருநாடி கிழிந்தது. மனுசன் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். பக்கத்தில் நல்ல இருதய வைத்தியசாலை இருந்ததால் உயிர் தப்பினார், பத்து மணித்தியாலத்துக்கு மேல் சத்திரசிகிச்சை நடந்தது. அடுத்த மாதமே சிறிய பக்கவாதமும் வந்து வலது கைக்குப் பாதிப்பு ஏற்பட்டது என்பதை 2025இல்தான் வெளியில் சொன்னார். வலது கை என்றால் கம்பியை மீட்டும் கை. இந்த அல்பத்தில் இயந்திரம் மாதிரி ஓடும் அந்த வேக மீட்டல் எல்லாம் அதற்குப் பிறகு பதிவானது என்று தெரிந்துகொண்டு மறுபடி கேட்டுப் பாருங்கள்.

ஒரே இரைச்சல். இதில் சங்கீதம் எங்கே இருக்கிறது?

இதை யாழ்ப்பாணத்தார் கேட்பதுதான் எனக்கு விளங்காதது. கோயில் திருவிழாவில் இரவு மேளச்சமா தொடங்கினால் விடியப்புறம் வரை வீதியில் குந்தியிருந்து கேட்கிற சனம் நாங்கள். இரண்டு தவில்காரர் எதிரும் புதிருமாக நின்று, ஒருவர் ஒரு கோர்வையை வாசித்துவிட, மற்றவர் அதை வாங்கி இன்னொரு மடங்கு வேகத்தில் திருப்பிக் கொடுக்க, கூட்டம் தலையாட்டி ஆரவாரிக்கும். அளவெட்டியும் இணுவிலும் அந்தக் கலையில் பேர்போன ஊர்கள், தெட்சிணாமூர்த்தியின் தவிலை இந்தியாவில் பெரிய வித்துவான்களே வியந்து கேட்டார்கள். அந்தத் தவில் மெல்லிய சத்தமா? காதுக்குப் பக்கத்தில் நின்றால் நெஞ்சு அதிரும். அந்தச் சத்தத்துக்குள்ளே கணக்கைத் தேடிக் கேட்கப் பழகிய காதுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

பிரீஸ்ட்டின் இரண்டு கிற்றாரும் அப்படித்தான் மாறி மாறி வாங்கி வாசிக்கும். பிறகு இரண்டும் சேரும்போது ஒரே சுரத்தில் சேராது, ஒன்று ‘ச’ பிடித்தால் மற்றது ‘க’ பிடிக்கும், அந்த இடைவெளியைக் காப்பாற்றிக்கொண்டே இரண்டும் மேலே ஏறும் கீழே இறங்கும். தனிக் கிற்றாரில் அந்த நிறைவு வராது. அல்பத்தின் பெயர்ப் பாட்டில் நடுப்பகுதியை இயர்போனில் கேளுங்கள், இடது காதில் ஒருவர், வலது காதில் ஒருவர், பிறகு நடுவில் இருவரும். ஸ்கொட் ட்ராவிஸ் இரண்டு காலாலும் ட்ரம்ஸின் பெரிய முரசுகளை அடிப்பதையும் கவனியுங்கள், 1989இல் அவர் வந்ததற்குப் பிறகுதான் குழுவுக்கு அந்த ஓட்டம் வந்தது.

பெயரிலேயே யூதாஸ். சாத்தான் வழிபாட்டுப் பாட்டு இல்லையா? பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?

பெயர் பொப் டிலனின் 1967ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் தலைப்பில் இருந்து எடுத்தது, அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. பாட்டுகளில் பேய், பிசாசு, நரகம் எல்லாம் வரும், நாங்கள் கூத்தில் சூரனையும் இரணியனையும் பார்க்கிற மாதிரித்தான். இதே ஹல்ஃபோர்ட் 2009இலும் 2019இலும் நத்தார்ப் பாட்டு அல்பம் வெளியிட்டவர், தேவாலயத்தில் பாடுகிற கரோல் கீதங்களும் அதில் இருக்கின்றன.

பிள்ளைகளைப் பற்றிய பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை, ஏனென்றால் அது நீதிமன்றம் வரை போன விடயம். அமெரிக்காவின் நெவாடாவில் 1985இல் இரண்டு இளைஞர்களுக்கு நேர்ந்த துயரத்துக்கு இந்தக் குழுவின் பாட்டொன்றில் ஒளித்து வைத்த சொற்கள்தான் காரணம் என்று குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 1990இல் ரீனோ நகரில் விசாரணை, குழுவினர் நாள்தோறும் நீதிமன்றத்தில் இருந்தார்கள், ஹல்ஃபோர்ட் சாட்சிக் கூண்டில் நின்று பாடிக்காட்டினார். நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். பிள்ளை எந்த நேரமும் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தால் பாட்டைக் குற்றம் சொல்லாமல் பிள்ளையோடு இருந்து கதையுங்கள். அந்தப் பாட்டையே சேர்ந்து கேட்டுக்கொண்டு கதைத்தால் இன்னும் நல்லது.

ஹல்ஃபோர்ட் தன்பாலினத்தவராமே?

ஆம். 1998இல் எம்ரிவி நேர்காணலில் அவரே சொன்னார். அவ்வளவு காலம் மறைத்து வைத்திருந்த பாரத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆண்மை ஆண்மை என்று திரிகிற மெற்றல் ரசிகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பலர் நினைத்தார்கள், அப்படி நடக்கவில்லை. ஐந்து வருடத்தில் குழுவுக்குத் திரும்பினார், கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. எங்கள் ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சிரிக்கமாட்டேன்.

‘பெயின்கில்லர்’ அவ்வளவு பெரிய அல்பம் என்றால் எங்கள் வயதுக்காரருக்கு எப்படித் தெரியாமல் போனது?

அது வந்தது 1990 செப்டெம்பர். அந்த வருடம் ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் போனது, பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்கோ கசற் றெக்கோடருக்கோ கொடுக்க வேண்டும். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் பாட்டும் இழுபடும். அப்படிச் சுற்றிக் கேட்டது செய்தியும் சினிமாப் பாட்டும்தான், ஆங்கில மெற்றல் கசற் யார் கையில் இருந்தது? உலகம் முழுக்க ஒரு தலைமுறை அந்த அல்பத்தைக் கேட்டு கிற்றார் தூக்கிய வருடங்களில் நாங்கள் பதுங்குகுழிக்குள் இருந்தோம், பிறகு 1995இல் இடம்பெயர்ந்தோம்.

எனக்கு இந்தக் குழு கிடைத்தது 2002இல் ஏ-9 பாதை திறந்ததற்குப் பிறகு. ரொறன்ரோவில் இருந்து வந்த சித்தப்பாவின் மகன் தன் பையில் இருந்த சீடிக்களை விட்டுவிட்டுப் போனான், அதில் ஒன்று ‘பெயின்கில்லர்’. பன்னிரண்டு வருடம் பிந்தி வந்தாலும் எனக்கு அது புதுப் பாட்டு. இன்றைக்கு அப்படி இல்லை, அல்பம் வந்த அன்றே பேர்மிங்ஹாமில் இருக்கிறவனும் கொக்குவிலில் இருக்கிறவனும் ஒன்றாகக் கேட்கிறார்கள். ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ எனக்கு நெருக்கமானதற்கு அதுவும் ஒரு காரணம். இவர்களுடைய நல்ல அல்பம் ஒன்று வெளிவரும் நாளிலேயே கையில் கிடைத்தது.

குறை ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. ஒலிப்பதிவு அளவுக்கு மீறிச் சுத்தம், ட்ரம்ஸ் அடி ஒவ்வொன்றும் ஒரே அளவில் விழுகிறது, ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ காலத்தில் இருந்த மனித ஏற்ற இறக்கம் குறைந்துவிட்டது. ஹில்லின் பேஸ் வழக்கம்போலப் பின்னால் புதைந்து கிடக்கிறது, ஐம்பது வருடம் குழுவைத் தாங்கிய மனுசனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். ‘சன்ஸ் ஒஃப் தண்டர்’ மூன்று நிமிட மோட்டார்சைக்கிள் பாட்டு, அதைப்போலப் பாட்டை அவர்கள் முன்பே இதைவிட நன்றாகச் செய்துவிட்டார்கள். பாடல் வரிகளில் நெருப்பும் இடியும் அரசனும் பாம்பும் திரும்பத் திரும்ப வருவது சிலருக்குச் சலிக்கும், எனக்குச் சலிக்கவில்லை.

விருது, விற்பனை?

‘ஃபயர்பவர்’ அமெரிக்காவில் பில்போர்ட் பட்டியலில் 5ஆம் இடம், அங்கே அவர்கள் பிடித்த அதியுயர்ந்த இடம் அது. ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ பிரித்தானியாவில் 2ஆம் இடம். 2022இல் அமெரிக்க றொக் அன்ட் ரோல் மண்டபத்தின் கௌரவம் கிடைத்தது, அந்த மேடையில் டவுனிங்கும் வந்து சேர்ந்து வாசித்தார். ‘க்ரௌன் ஒஃப் ஹோர்ன்ஸ்’ 2025 கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டது, விருது பிரான்சின் கொஜிரா குழுவுக்குப் போனது.

புதிதாகக் கேட்கிறவர் எங்கே தொடங்குவது?

நேரே ‘பெயின்கில்லர்’ போடாதீர்கள், பயந்து ஓடிவிடுவீர்கள். முதலில் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’, சின்னச் சின்னப் பாட்டுகள், மெட்டு உடனே பிடிபடும். அதற்குப் பிறகு ‘ஃபயர்பவர்’. அதில் ‘ரைசிங் ஃப்ரொம் ரூயின்ஸ்’ என்ற பாட்டையும் அதற்கு முன்னால் வரும் குரலில்லாத சிறு முன்னிசையையும் சேர்த்தே கேளுங்கள், பிரித்துக் கேட்டால் பாதிதான். அப்புறம் ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’, ஒழுங்கு மாற்றாமல் முதலில் இருந்து கடைசி வரை. ‘பெயின்கில்லர்’ அதற்குப் பிறகு. கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம், கிற்றாரின் கீழ்ப்பாதி முழுக்கப் போய்விடும். சாதாரண இயர்போன் போதும்.

மகள் கிற்றார் பழகுகிறாள். இதில் எதை வாசிக்கக் கொடுக்கலாம்?

‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ அல்பத்தில் இருந்து ‘பிரேக்கிங் த லோ’. முதல் வரி வாசிப்பு ஒரு சில சுரங்கள்தான், மெதுவாகப் பழகினாலும் பாட்டு என்று கேட்கும், பிள்ளைக்கு உற்சாகம் வரும். அதே அல்பத்தின் ‘லிவிங் ஆஃப்டர் மிட்நைற்’ அடுத்தது, தாளம் தவறாமல் கோர்ட் மாற்றப் பழக நல்ல பாட்டு. புது அல்பத்துக்குப் போகும்போது ‘க்ரௌன் ஒஃப் ஹோர்ன்ஸ்’ தொடக்க மெட்டைக் கொடுங்கள், வேகம் இல்லை, விரல் சுத்தமாக விழுகிறதா என்று உங்களுக்கே கேட்கும். ‘பனிக் அற்றாக்’ கேட்டுவிட்டு அதைத்தான் வாசிப்பேன் என்று அடம்பிடிப்பாள், பாதி வேகத்தில் மெட்ரோனோமோடு (தாளம் காட்டும் கருவி) தொடங்கச் சொல்லுங்கள், மணிக்கட்டு இறுகினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கூடப் பழகுகிற இன்னொரு பிள்ளை இருந்தால் இரண்டு பேரையும் சேர்த்து இருத்தி ஒருவருக்கு மேல் வரி, மற்றவருக்குக் கீழ் வரி பிரித்துக் கொடுங்கள்.